2020-க்கும் 2022-க்கும் நடுவே ஒரு காலி இடம்

தேர்வுக் குழுவில் இருக்கும் ஒருவரின் கேள்வி இது. உதவிப் பேராசிரியர் வேலைக்கு வந்த விண்ணப்பங்களில் சிலவற்றில் 2020 முதல் 2022 வரை கட்டுரைகள் மிகக் குறைவு. காரணம் கேட்டால் ‘கோவிட், வீட்டில் சின்னக் குழந்தை’ என்கிறார்கள். ஆனால் அப்போது போய்வரும் நேரம் மிச்சம், வீட்டிலிருந்தே வேலை, சம்பளமும் வந்தது. உட்கார்ந்து எழுத அதைவிட நல்ல நேரம் எப்போது கிடைக்கும்? இது சாக்கா, நிஜமா?

நிஜம்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தை உங்கள் குழுவுக்கு உதவாது. யாருக்கு, எந்தத் துறையில், எந்த வருஷத்தில் என்று பிரித்துப் பார்த்தால்தான் ஒரு விண்ணப்பத்தை இன்னொன்றோடு வைத்துப் பார்க்க முடியும். கேள்வியில் நியாயமான ஒரு பங்கும் இருக்கிறது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்த வருஷங்களில் வேலையே போனவர்களையும், நோய்க்குப் பயந்துகொண்டே தினமும் வெளியே போக வேண்டியிருந்தவர்களையும் பார்த்தால், நிரந்தர வேலையில் இருந்த பேராசிரியர்களின் பாடு பரவாயில்லை. யாருடைய துன்பம் பெரியது என்று இங்கே பேசவில்லை. ஒரே வேலைக்காக ஒரே படியால் அளக்கப்படும் இருவரில் ஒருவர் எந்த இடத்தில் பின்தங்கினார் என்பதுதான் விஷயம்.

ஒரு கல்வியாளரின் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு மணி உண்டு. துறைக் கூட்டத்துக்கு மணி உண்டு. விடைத்தாள் திருத்திக் கொடுக்கக் கடைசி நாள் உண்டு. ஆராய்ச்சிக்கு மட்டும் இதெல்லாம் கிடையாது. பாதியில் நிற்கும் கட்டுரையை இன்று தொடவில்லை என்றால் யாரும் போன் செய்து கேட்கப் போவதில்லை. அதனால் நேரம் சுருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது ஆராய்ச்சிதான். ஆனால் வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி எல்லாம் அதன் தலையில்தான் நிற்கின்றன.

சாதாரண நாட்களில் இந்த ஓட்டை வெளியே தெரியாது. பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம், தாத்தா பாட்டி, வீட்டு வேலைக்கு வருபவர் என்று நாலு பேர் அதை அடைத்து வைத்திருந்தார்கள். 2020 மார்ச்சில், சில வாரங்களுக்குள், நாலும் ஒன்றாகக் கழன்றன. யுனெஸ்கோ கணக்குப்படி அந்த ஏப்ரலில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். நோய் முதியவர்களைத்தான் அதிகம் தாக்கும் என்றதால் குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் விடவும் பயம்.

உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது 2020 மார்ச் 11 அன்று. அதற்கு ஒரு மாதம் கழித்து, கைல் மையர்ஸ், தாஷுன் வாங் முதலிய ஆய்வாளர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆய்வுக்குழு நடத்தும் 4,535 விஞ்ஞானிகளிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். வாரத்துக்குச் சராசரியாக 61 மணி நேரமாக இருந்த வேலை 54 மணி நேரமாகக் குறைந்திருந்தது. 61-இலிருந்து 54 தானே, அது ஒன்றும் பெரிய விஷயமில்லையே என்று தோன்றும். சராசரி எப்போதும் இப்படித்தான் கண்ணைக் கட்டும். வேலை நேரம் குறைந்தது என்றவர்கள் 55 சதவீதம். மாற்றமே இல்லை என்றவர்கள் 27 சதவீதம். கூடியது என்றவர்கள் 18 சதவீதம். ஆக, உங்கள் கேள்வியில் வரும் ‘உட்கார்ந்து எழுத நல்ல நேரம்’ என்பது சிலருக்கு நிஜமாகவே வாய்த்தது. அவர்களுடைய விண்ணப்பங்களும் இப்போது உங்கள் மேசையில் இருக்கும் கட்டுக்குள் இருக்கும்.

யாருக்குக் குறைந்தது? மற்றக் காரணிகளைச் சமப்படுத்திப் பார்த்தபோது, 5 வயதோ அதற்குக் கீழோ ஒரு குழந்தை இருந்தவர்களின் ஆராய்ச்சி நேரம் மற்றவர்களைவிட 17 சதவீதம் கூடுதலாகச் சரிந்திருந்தது. பெண் என்ற ஒன்றினால் மட்டும் வந்த கூடுதல் சரிவு சுமார் 5 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். இதைப் பெண்களின் பிரச்சினை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பெரிய எண்ணை விட்டுவிடுகிறார்கள். சின்னக் குழந்தை வைத்திருந்த அப்பாக்களும் அந்த 17-க்குள் இருக்கிறார்கள். அதே சமயம், ஒரு அம்மா இரண்டு கணக்கிலும் வருகிறாள் என்பதையும் மறக்கக் கூடாது.

வயது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது குழந்தை வளர்த்தவர்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் ‘ஒரு மணி நேரம் தொந்தரவு செய்யாதே’ என்று சொல்லலாம், பாதி நாளாவது நடக்கும். எட்டு வயதுக்கு ஆன்லைன் வகுப்பு இருந்தது; ஆனால் லிங்க் திறக்கவில்லை, மைக் வேலை செய்யவில்லை, டீச்சர் சொன்ன பக்கம் எது என்று இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடும். மூன்று வயதுக்கு எதுவும் கிடையாது. அது விழித்திருக்கும் வரை ஒரு பெரியவரின் இரண்டு கண்களும் அதன் மேல் இருந்தாக வேண்டும். ஆராய்ச்சிக்குத் தேவை தொடர்ச்சி. ஒரு நிரூபணத்தையோ புள்ளிவிவர மாதிரியையோ தலையில் முழுசாக ஏற்றிக்கொள்ளவே முக்கால் மணி நேரம் ஆகும். இருபது நிமிஷத் துண்டுகள் பன்னிரண்டைச் சேர்த்தால் கணக்குப்படி நாலு மணி நேரம்தான். அந்த நாலு மணி நேரத்தில் மின்னஞ்சலுக்குப் பதில் போடலாம், கட்டுரை எழுத முடியாது. அதனால் மணிக் கணக்கு காட்டுவதைவிட இழப்பு பெரியது. பலர் குழந்தை தூங்கிய பிறகு இரவு பத்து மணிக்கு மேல்தான் மடிக்கணினியைத் திறந்தார்கள். கொஞ்ச நாள் ஓடும். ஒரு வருஷம் ஓடாது.

அந்த மார்ச்சில் ஒரு செய்தி எல்லோருடைய போனிலும் சுற்றியது. 1665-இல் கொள்ளைநோய்க்காகக் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டபோது ஐசக் நியூட்டன் ஊருக்குப் போய் நுண்கணிதத்துக்கும் ஈர்ப்பு விசைக்கும் வழி கண்டார், நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று. உற்சாகப்படுத்துவதாக நினைத்துத்தான் அனுப்பினார்கள். நியூட்டனுக்கு அப்போது வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை, பிறகும் ஆகவே இல்லை. வுல்ஸ்தோர்ப் வீட்டில் அவருக்குச் சோறு யார் ஆக்கினார்கள் என்று அந்தச் செய்தி சொல்லவில்லை.

சரி, துறைக்கு வருவோம். குழந்தை ஒரே வயது என்றாலும் துறையைப் பொறுத்து அடி வேறு. கணிதம், புள்ளியியல், கணினி அறிவியல், பொருளாதாரம் போன்றவற்றில் இருந்தவர்களுக்கு மடிக்கணினியே ஆய்வகம்; சரிவு அங்கே குறைவு. உயிர்வேதியியல், உயிரியல், வேதியியல் ஆட்களுக்கு ஆய்வகக் கதவே மூடியது. அவர்களுடைய ஆராய்ச்சி நேரம் முன்பிருந்ததைவிட 30 முதல் 40 சதவீதம் வரை விழுந்தது. செல் வளர்ப்பை உறைய வைத்துவிட்டு வரலாம். எலிகளை உறைய வைக்க முடியாது. பல இடங்களில் எலிக் கூட்டத்தையே குறைக்கச் சொன்னார்கள், பிறகு அதே மரபு வகை எலிகளை மறுபடி பெருக்க மாதக் கணக்கு ஆனது. களப்பணிக்காரர்களுக்கு இன்னும் மோசம். ஒரு பறவை முட்டையிடும் பருவம் போனால் அடுத்த வருஷம்தான்.

இதில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு கட்டம் உண்டு. பல நாடுகளில் ஆய்வகங்கள் 2020 கோடையிலேயே அரைகுறையாகத் திறந்தன, ஆனால் பள்ளிகள் திறக்கவில்லை. ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் உள்ளே இருக்கலாம் என்று முறை வைத்தார்கள். காலை ஆறு மணி முறை, இரவு முறை. குழந்தை இல்லாதவர்கள் எந்த முறைக்கும் தயார். மற்றவர்கள் துணையின் வேலை நேரத்தைப் பார்த்து, மிச்சமிருந்த முறையை எடுத்துக்கொண்டார்கள். துணை இல்லாமல் தனியாக வளர்ப்பவர்கள் பலர் முறைப் பட்டியலில் பெயரே எழுதவில்லை. ஏப்ரல் மாதப் பொது முடக்கத்தில் ஆய்வகக் கதவாவது எல்லோருக்கும் ஒன்றாகவே மூடியிருந்தது. வித்தியாசம் இன்னும் பெரிதானது பாதி திறந்த அந்த மாதங்களில்தான் என்பது என் கணிப்பு.

கட்டுரைகளின் கணக்கு என்ன சொல்கிறது? 2020 ஏப்ரலில், அறிவியல் தத்துவத்துக்கான ஒரு பிரிட்டிஷ் ஆய்விதழின் துணை ஆசிரியர் எலிசபெத் ஹேனன், கடந்த ஒரு மாதத்தில் பெண்களிடமிருந்து வந்த கட்டுரைகள் எண்ணிச் சொல்லும் அளவுக்குக்கூட இல்லை, இப்படி எப்போதும் பார்த்ததில்லை என்று ட்விட்டரில் எழுதினார். ஒரு இதழின் அனுபவம் ஆதாரமாகாது என்று சிலர் சொன்னார்கள், நியாயம்தான். பிறகு ஃபிளமினியோ ஸ்க்வாஸோனி குழுவினர் எல்சேவியர் என்ற பதிப்பகம் வெளியிடும் 2,300-க்கும் மேற்பட்ட இதழ்களின் தரவை எடுத்து, 2020 பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்களை முந்தைய வருஷங்களோடு ஒப்பிட்டார்கள். இதழ்களுக்கு வந்த கட்டுரைகளின் மொத்த வரவு 2019-ஐவிட சுமார் 30 சதவீதம் கூடியிருந்தது. மருத்துவத்தில் 63 சதவீதம். பெண்களின் வரவும் கூடியது, ஆனால் ஆண்களின் அளவுக்குக் கூடவில்லை. இடைவெளி அதிகம் தெரிந்தது இளையவர்களிடம், அதாவது பொதுவாகக் கைக்குழந்தை இருக்கும் வயதில்.

இந்த 30 சதவீதத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லோருக்கும் உற்பத்தி குறைந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, அளவுகோலும் சேர்ந்து கீழே வந்திருக்கும். நடந்தது அப்படியில்லை. ஒரு பக்கம் நின்றுபோனபோது இன்னொரு பக்கம் வேகம் எடுத்தது. தேர்வுக் குழு ஒப்பிடுவது அந்த இரண்டையும்தான்.

கோவிட் ஆராய்ச்சி என்ற புதுக் கதவும் அப்போதுதான் திறந்தது. நிதி வந்தது, இதழ்கள் வேகமாக மதிப்பாய்வு செய்தன, மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் காட்டும் மேற்கோள்கள் குவிந்தன. அதில் உடனே குதிக்கக் கை காலியாக இருந்தவர் யார்? ஆரம்ப மாதங்களில் வந்த 1,893 கோவிட் மருத்துவக் கட்டுரைகளை ஈ-லைஃப் இதழில் ஒரு குழு ஆராய்ந்தது. கட்டுரையின் முதல் பெயர் பெண்ணாக இருக்கும் விகிதம், அதே இதழ்களில் 2019-இல் இருந்ததைவிட 19 சதவீதம் குறைவு. முதல் பெயர் என்பது பொதுவாக உட்கார்ந்து வேலையைச் செய்தவருடைய பெயர்.

கற்பித்தல் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் எல்லாப் பாடத்தையும் ஆன்லைனுக்கு மாற்றச் சொன்னார்கள். ஒரு மணி நேர வகுப்பைப் பதிவு செய்ய மூன்று மணி நேரம் ஆனது. அப்புறம் மாணவர்கள். நோய், வீட்டில் இழப்பு, தனிமை, இணையம் இல்லாமை என்று அவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். எல்லா ஆசிரியரிடமும் சமமாக வரவில்லை. காது கொடுத்துக் கேட்பார் என்று தோன்றியவரிடம் வந்தார்கள். அவர் பெரும்பாலும் இளையவர், பெரும்பாலும் பெண். இந்த வேலைக்குத் தன்விவரக் குறிப்பில் ஒரு வரிகூடக் கிடையாது. 2017 மார்ச்சில், தென்கொரியாவிலிருந்து பிபிசிக்கு நேரலையில் பேசிக்கொண்டிருந்த பேராசிரியர் ராபர்ட் கெல்லியின் அறைக்குள் இரண்டு குழந்தைகள் புகுந்ததை உலகமே பார்த்துச் சிரித்தது நினைவிருக்கலாம். மூன்று வருஷம் கழித்து அது தினசரிக் காட்சியானபோது முதல் மாதம் எல்லோரும் சிரித்தார்கள். ஆறாவது மாதம் யாரும் சிரிக்கவில்லை.

இனி உங்கள் மேசையில் இருக்கும் கட்டுக்கு நேராகத் தொடர்புள்ள இடம். ‘2020-இல் குறைந்தது சரி, 2022-இல் ஏன் குறைவு? அதற்குள் பள்ளி திறந்துவிட்டதே’ என்று குழுவில் யாராவது கேட்பார்கள். நாற்று விடாத வருஷத்தின் குறை அறுப்புக் காலத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். 2020-இல் வெளிவந்தவை பெரும்பாலும் 2018, 2019-இல் செய்த வேலை. ஏற்கெனவே தரவு கையில் இருந்தவர்கள் அதை எழுதி அனுப்பினார்கள், அந்த வருஷப் பட்டியல் நன்றாகவே இருந்தது. மையர்ஸ், வாங் குழுவினர் 2021 ஜனவரியில் மறுபடி கணக்கெடுத்தார்கள். வேலை நேரம் அநேகமாகத் திரும்பியிருந்தது. 7 மணி நேரமாக இருந்த இழப்பு 2 மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று சுருங்கியிருந்தது. ஆனால் கோவிட் ஆராய்ச்சியில் இறங்காதவர்கள் 2020-இல் தொடங்கிய புதிய ஆய்வுகள், 2019-ஐவிட 36 சதவீதம் குறைவு. இதிலும் பெண்களும் சின்னக் குழந்தை வைத்திருந்தவர்களும்தான் அதிகம் விழுந்தார்கள். தொடங்காத ஆய்வின் குறை 2020 பட்டியலில் தெரியாது, 2022, 2023 பட்டியலில்தான் தெரியும்.

பல்கலைக்கழகங்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் பல இடங்களில், 2020 வசந்தத்திலேயே, நிரந்தரப் பணிக்கான மதிப்பீட்டை ஒரு வருஷம் தள்ளி வைத்தார்கள், பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி. பார்க்க நியாயமாக இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி நேரம் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளப் பெருந்தொற்று வரை காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. ஹெதர் ஆன்டிகால், கெல்லி பெடார்ட், ஜென்னா ஸ்டெர்ன்ஸ் மூவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் பார்த்தது. அமெரிக்காவின் முன்னணி 50 பொருளாதாரத் துறைகளில், குழந்தை பிறந்தால் அம்மா, அப்பா இருவருக்கும் ஒரு வருஷம் கூடுதல் என்ற விதி வந்த பிறகு, முதல் வேலையிலேயே நிரந்தரமாகும் ஆண்களின் விகிதம் சுமார் 17 சதவீதப் புள்ளி கூடியது. பெண்களின் விகிதம் சுமார் 19 சதவீதப் புள்ளி குறைந்தது. ஆண்கள் கூடுதல் வருஷத்தில் பெரிய இதழ்களில் கூடுதல் கட்டுரை போட்டார்கள், பெண்கள் குழந்தை வளர்த்தார்கள். அளவுகோல் மேலே போனது. நல்ல எண்ணத்தில் செய்த ஒரு விதி இப்படித் திரும்பியடித்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இதில் இன்னொரு சிக்கல், மதிப்பீடு தள்ளிப்போனால் அதோடு வரும் சம்பள உயர்வும் தள்ளிப்போகும். ஒப்பந்த ஆசிரியர்களுக்கோ தள்ளி வைக்க அப்படி ஒரு மதிப்பீடே கிடையாது. பருவம் முடிந்தால் வேலை முடிந்தது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்கள் நிலையும் அதுதான். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் ஆய்வகம் மூடியிருந்தால், நிதி நீட்டிப்பு வந்தவர் தப்பித்தார். பிரிட்டனில் ஆய்வு நிதியமைப்பு கடைசி வருஷ முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆறு மாதம் வரை உதவித்தொகையை நீட்டித்தது. பல இடங்களில் அதுவும் இல்லை.

பாதிப்பை எழுத்தில் பதிய வையுங்கள் என்ற யோசனையும் வந்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில், பெண் கல்வியாளர்களுக்குச் சம வாய்ப்பு தேடும் அட்வான்ஸ் திட்டத்தினர் இதற்கு வழிகாட்டியே தயாரித்தார்கள்: என்ன தடைபட்டது, எந்த வேலை கூடியது என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதித் தன் கோப்பில் சேர்ப்பது. வெறும் கால நீட்டிப்பைவிட இது மேல் என்று நினைக்கிறேன். ஆனால் எழுதுவதற்கே பலர் தயங்கினார்கள். வீட்டில் குழந்தை என்று எழுதினால், குறிப்பாக ஒரு பெண் எழுதினால், ‘இவருக்கு ஆராய்ச்சியில் முழு மனது இல்லை’ என்று படிக்கப்படும் என்ற பயம். அது வீண் பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நானும் மதிப்பீட்டுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். இதே வரியை ஒரு அப்பா எழுதியபோது பாராட்டாகவும் ஒரு அம்மா எழுதியபோது எச்சரிக்கையாகவும் அறையில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் பெருந்தொற்றின் வேலை என்றும் சொல்லிவிடக் கூடாது. எரின் செக், மேரி பிளேர்-லாய் இருவரும் 2019-இல், அதாவது கோவிடுக்கு முன்பே, அமெரிக்க அறிவியல் தொழில்நுட்பத் துறையினரைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் குழந்தை பிறந்து சில வருஷங்களில் அம்மாக்களில் 43 சதவீதமும் அப்பாக்களில் 23 சதவீதமும் அந்தத் துறைகளின் முழுநேர வேலையை விட்டிருந்தார்கள். வீடு ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்தது, 2020-இல் பெய்தது பெருமழை.

நல்லதும் கொஞ்சம் நடந்தது. மாநாடுகள் இணையத்துக்கு வந்தன. பால்குடிக் குழந்தையை விட்டுவிட்டு ஐந்து நாள் வெளிநாடு போக முடியாமல் பல வருஷம் ஒதுங்கியிருந்தவர்கள் அடுப்படியிலிருந்தே கேள்வி கேட்டார்கள். பயணமும் விசாவும் ஓட்டல் செலவும் இல்லை. நோய் அடங்கியதும் பல மாநாடுகள் அந்த வழியை மூடிவிட்டு மண்டபத்துக்குத் திரும்பின. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

இப்போது அந்த விண்ணப்பங்கள். கட்டுரை வெளிவந்த தேதியை விட்டுவிட்டு வேலை தொடங்கிய தேதியைப் பாருங்கள். கடிதத்தில் இல்லையென்றால் நேர்காணலில் ‘இந்த ஆய்வு எப்போது ஆரம்பித்தது’ என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கலாம். 2022 முடிவில் இருந்து இன்று வரை வேகம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள், மூன்று வருஷக் கூட்டுத்தொகையைப் பார்க்காதீர்கள். சோதனைக்கூட ஆளையும் கணினி ஆளையும் ஒரே எண்ணிக்கையால் அளக்காதீர்கள். எண்ணிக்கையை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் மூன்று கட்டுரைகளை மட்டும் குழு படிப்பது இன்னும் நல்லது. குழந்தை உண்டா, எத்தனை வயது என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள், அக்கறையோடு கூட வேண்டாம். அவர்களாக எழுதியிருந்தால் அந்த ஒரு வரியை ஆய்வகம் மூடியிருந்தது என்ற வரியைப் படிப்பது போலவே படித்துவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.